வெறுங்கைத் தொட்டி

என் அண்ணியைப் பற்றிக் கேட்டால் எங்கள் சாய ஆலையில் ஆளுக்கொரு கதை விடுவார்கள். பாதி புளுகு. வாசல் காவலாளி சொல்வதை நம்பினால், பெராக்சைடு பீப்பாயை அண்ணி குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாராம். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன். நான் அதே ஆலையில் பம்பு ஃபிட்டர். அண்ணியின் கணவன் என் கூடப்பிறந்த அண்ணன். வீடும் ஒன்று, வேலையிடமும் ஒன்று. அண்ணியிடம் திட்டு வாங்கியவர்களில் எனக்குத்தான் முதலிடம் என்பதால், சொல்லும் உரிமையும் எனக்குத்தான் அதிகம்.

அண்ணனை ஆலையில் மாஸ்டர் என்பார்கள். துணிக்கு நிறம் ஏற்றுவது அவன் வேலை. துணி குடித்தது போக மிச்ச நிறம் தண்ணீரோடு வெளியே வரும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து வாய்க்காலுக்கு அனுப்புவது அண்ணியின் வேலை. ‘புருஷன் அழுக்காக்குறான், பொண்டாட்டி கழுவுறா, ரெண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்குப் போகுது’ என்று கேன்டீனில் கிண்டலடிப்பார்கள். அண்ணன் விரல்கள் எப்போதும் நீலம். அண்ணியின் விரல்நுனிகள் பெராக்சைடு பட்டுப் பட்டு வெளுத்திருக்கும். கையுறை போடச் சொன்னால் போடுவார். அவசரம் என்றால் கழற்றிவிடுவார். அவருக்கு எப்போதுமே அவசரம்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவரைத் துணி மடிக்கும் பிரிவில்தான் சேர்த்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, மின்விசிறிக்கு அடியில். பின்பக்கத் தொட்டிகளுக்கு ஆள் நிற்கவில்லை என்று ஒருநாள் பேச்சு வந்தது. நாற்றம், சேறு, கண்ணெரிச்சல். போனவன் எல்லாம் ஒரு மாதத்தில் ஓடிவிடுவான். ‘நான் போறேன்’ என்று அண்ணி எழுந்து போய்விட்டார். வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

“யாராவது மெனக்கெட்டுப் போய் சாக்கடையில நிப்பாங்களா?” என்றான்.

“நீங்க கலர் கலரா ஊத்துறது எங்க போகுதுன்னு ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கீங்களா?” என்றார் அண்ணி.

அண்ணன் எட்டிப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

அப்போதெல்லாம் சுத்தம் செய்வது என்றால், தண்ணீரில் அமிலம் விட்டு, அன்னபேதி உப்பைக் கொட்டி, மேலே பெராக்சைடை ஊற்றிக் கலக்குவது. அன்னபேதியில் இருக்கும் இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் சாயத்தைக் கடித்துக் குதறிவிடும். நிறம் போய்விடும். ஆனால் போட்ட இரும்பு அத்தனையும் துருச்சேறாக அடியில் தங்கும். அதை வாரி, சாக்கில் கட்டி, சுவரோரம் அடுக்க வேண்டும். மழை பெய்தால் சாக்கு ஊறி, சேறு கரைந்து, அதே வாய்க்காலுக்குப் போகும். ஒரு அழுக்கை எடுத்து இன்னொரு அழுக்காக்கி வைத்தோம். அதற்குப் பெயர் சுத்திகரிப்பு. அவசர ஆர்டர் வந்துவிட்டாலோ அந்தப் பாவ்லாகூடக் கிடையாது, தண்ணீர் அப்படியே போகும். வாய்க்காலைப் பார்த்தே ‘இன்னிக்கு ஆலையில சிவப்பு ஓடுது’ என்று தெருவில் போகிறவன் சொல்லிவிடுவான்.

அந்த வாய்க்காலுக்கு அக்கரையில்தான் அண்ணியின் சொந்த அக்கா சலவைக்கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் விடுதித் துணிகளும் அங்கேதான் வெளுக்கும். கடைக்குப் பின்னால் ஒரு கிணறு. அதை நம்பித்தான் பிழைப்பு. அந்தக் கிணற்றில் மெல்ல மெல்ல நிறம் ஏற ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரிக்காரர்கள் விரிப்புகளைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளை விரிப்பு முழுக்க இளஞ்சிவப்பு. ‘இதுல நோயாளியைப் படுக்க வெச்சா பார்க்க வர்றவங்க பயந்துடுவாங்க’ என்று சொல்லிவிட்டு, வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அக்கா அந்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஆலை வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அண்ணி ஓடி வந்தார்.

“இது உன் தொட்டித் தண்ணிதானே? வாயைத் திறந்து சொல்லு.”

“அக்கா, உள்ள வா, உட்கார்ந்து பேசலாம்.”

“எதுக்கு உட்காரணும்? இதை உன் வீட்டுக் குடத்துல ஊத்துவியா? உன் புருஷனுக்குக் குடிக்கக் கொடுப்பியா?”

அண்ணி ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். அக்கா விரிப்புகளை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. தெருவில் எதிரே வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். தாயில்லாமல் வளர்ந்த இரண்டு பேர். தங்கைக்குத் தலைவாரிவிட்டதே அக்காதான். அண்ணி வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார். அந்தச் சத்தத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிடும்.

கொஞ்ச நாளில் அக்கா நீர் வாரியத்தில் போய்ப் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தது யார் என்று தெரிந்ததும் ஆலையில் எல்லோரும் அண்ணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவரே புகார் கொடுத்த மாதிரி. ‘சொந்தத் தங்கச்சி பொழைப்புல மண்ணைப் போடுறாளே’ என்று ஒருத்தி அக்காவைத் திட்டினாள். அண்ணி அவளிடம் சண்டைக்கே போய்விட்டார்.

“அவ கிணறு கெட்டுப் போயிருக்கு. அவ புகார் கொடுக்காம வேற யார் கொடுப்பா? எங்க அக்காவைப் பத்தி என் முன்னாடி பேசாதே.”

வாரியம் எச்சரிக்கை கொடுத்தது. தண்ணீரைச் சரி செய்யாவிட்டால் சாயக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அது அண்ணன் வேலை, என் வேலை, அண்ணி வேலை, இன்னும் எத்தனையோ வீட்டு அடுப்பு.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், ஒன்றும் ஆகாது. எச்சரிக்கை வந்த பிறகுதான் அசைந்தார். ஆய்வகத்துக்குப் படித்த பெண் ஒருத்தியை வேலைக்கு எடுத்தார். நல்ல பெண். எதையும் மறைக்காமல் பேசுவாள், தெரியாததைத் தெரியாது என்பாள். அவள்தான் அந்த உருண்டைகளைக் கொண்டுவந்தாள். செங்கல் நிறத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துளைகள், துளைச் சுவரெல்லாம் இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

“இரும்பை ஒவ்வொரு தடவையும் தண்ணியில கொட்டவேண்டாம்க்கா. இரும்பு இதுக்குள்ளயே இருக்கும். தண்ணியும் பெராக்சைடும் துளைக்குள்ள போகும், சாயம் உடைஞ்சு வெளிய வரும். உருண்டை அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப உதவும்” என்றாள்.

“அப்ப சேறு?”

“பேருக்குக் கொஞ்சம் இருக்கும். சாக்கு கட்டுற அளவுக்கு இருக்காது.”

அண்ணி ஒரு கை நிறைய உருண்டைகளை அள்ளி முகர்ந்து பார்த்தார். சேறு வாரி வாரி முதுகு போன மனுஷி. அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. “எங்க அக்கா கிணறு சரியாகுமா?” என்றுதான் கேட்டார். அந்தப் பெண் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. “வாய்க்கால் சுத்தமானா, மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமா கிணறும் தெளியும்” என்றாள்.

உருண்டைகளுக்குப் பொத்தல் என்று நாங்களே பெயர் வைத்தோம். ஆளுயரத்துக்கு மேல் ஒரு உருளைத்தொட்டி செய்து, அதில் பொத்தலை நிரப்பி, பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்த ஒரு குட்டிப் பம்பு வைத்துக் கொடுத்தேன். அடுத்து வந்த மாதங்களில் அண்ணி அந்தத் தொட்டியைப் படுத்தாத பாடு இல்லை. அமிலம் கூடினால் திட்டுவார், குறைந்தால் திட்டுவார். தண்ணீர் வேகமாகப் போனால் நிறம் மிச்சம் இருக்கும். மெதுவாகப் போனால் பின்னால் தேங்கும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போன இடத்தில்கூட ‘தம்பி, அந்த மேல் வால்வைக் கொஞ்சம் இறுக்கினா என்ன?’ என்று பந்தியில் கேட்டவர் அவர். ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்து வர ஆரம்பித்தது.

ஆய்வு நாள் வந்தது. வாரிய அதிகாரி வெயிலில் காய்ந்த, அதிகம் பேசாத மனிதர். வெளியேறும் குழியில் ஒரு சீசா தண்ணீர் பிடித்தார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். ‘ஆகட்டும்’ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அண்ணி மட்டும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அதிகாரி எங்கள் ஆய்வகத்திலேயே மருந்து கலந்து, சூடாக்கி, தண்ணீரில் மிச்சமுள்ள அழுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்தார். முடிவைப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார். அனுமதித்த அளவைவிட மிக அதிகம். அன்னபேதிக் காலத்தில் இருந்ததைவிடவே அதிகம்.

“பார்க்கத் தெளிவா இருக்கு. ஆனா அளவு தேறலை. அடுத்த வாரம் இன்னொரு தடவை வருவேன். புகார் கொடுத்தவங்களையும் கூட்டிட்டு வருவேன். அப்பவும் தேறலைன்னா பூட்டுதான். வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அதிகாரி பிடித்த தண்ணீரில் பாதியை எங்களுக்கும் ஒரு சீசாவில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். ‘என்னதான் இருக்கு இதுல?’ என்று அதன் மூடியைத் திருகினேன். சோடா பாட்டில் மாதிரி ‘புஸ்’ என்றது. சீசாவின் உள்சுவர் முழுக்கப் பொடிப்பொடிக் குமிழ்கள்.

ஆய்வகப் பெண்ணின் முகம் மாறியது. ஒரு சோதனைத் தாளை எடுத்து நனைத்தாள். பெராக்சைடு இருந்தால் நீலமாகும் தாள் அது. கருநீலமாகிவிட்டது.

“ஐயோ, பெராக்சைடு ஏராளமா மிச்சம் இருக்குக்கா. இந்தச் சோதனை மருந்துக்கு அழுக்கும் ஒண்ணுதான், பெராக்சைடும் ஒண்ணுதான். ரெண்டையும் சேர்த்து அழுக்குன்னே காட்டிடும். தினமும் தாள் வெச்சுப் பார்ப்பேன். இன்னிக்குத் தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கேன்னு பார்க்காம விட்டுட்டேன்.”

“தினமும் மிச்சம் இல்லாத பெராக்சைடு இன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்றேன். போய்ப் பம்பைப் பார்த்தேன். அளவுத் திருகு கடைசி வரைக்கும் போயிருந்தது. நான் வைத்த குறியெல்லாம் தாண்டி. “எவன் இதைத் தொட்டது?” என்று கத்தினேன்.

“நான்தான்” என்றார் அண்ணி. “காலையில வந்ததும் திருகிவிட்டேன். இன்னிக்கு ஒரு நாளாச்சும் குறையில்லாம இருக்கட்டும்னு பார்த்தேன்.”

அதுதான் அண்ணி. எங்கள் வீட்டில் துணி துவைத்தால் சோப்பு போதும் என்றாலும் இன்னும் ஒரு பிடி போடுவார்; அலசி அலசியே தண்ணீர் தீர்ந்துவிடும். பொட்டலம் கட்டினால் முடிச்சின் மேல் முடிச்சு, பிரிப்பதற்குக் கத்தி வேண்டும். டீ ஊற்றினால் தளும்பத் தளும்ப. பற்றாமல் போய்விடுமோ என்ற பயம் அவர் ரத்தத்திலேயே உண்டு. ஊரில் வேறு யாருக்கும் வராத தப்பு அது. குறைவாகச் செய்து மாட்டுபவர்கள் உண்டு. சுத்தம் கூடிப்போய் மாட்டிக்கொண்டது அவர் ஒருத்தர்தான். திட்ட வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் ‘ஆகட்டும்’ துள்ளிக் குதித்தார்.

“அப்ப நம்ம தண்ணி சுத்தம்தான். சோதனைதான் தப்பு. அதிகாரிகிட்ட அப்படியே சொல்லிடலாமே?”

“பெராக்சைடு வாய்க்கால்ல போனா அதுவும் அழுக்குதான் சார். அதுல மீன் பிழைக்குமா?” என்றார் அண்ணி.

“சரி, திருகைப் பழையபடி வெச்சிடு. வேலை முடிஞ்சுது.”

ஆய்வகப் பெண் தலையை ஆட்டினாள். பழையபடி வைத்தாலும், சாயம் மாறும்போதெல்லாம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். குறைத்தால் நிறம் நிற்கும், கூட்டினால் பெராக்சைடு நிற்கும். கத்திமேல் நடக்கிற கதை. யோசித்து யோசித்துக் கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். முதல் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை இன்னொரு பொத்தல் தொட்டி வழியாக விட வேண்டும். அங்கே பெராக்சைடு ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. மிச்சமிருக்கும் பெராக்சைடு அங்கே இரும்பைத் தொட்டு, மிச்சமிருக்கும் சாயத்தையும் தின்று, தானும் தீர்ந்துவிடும்.

“அங்க நாம என்ன போடணும்?” என்று கேட்டார் அண்ணி.

“ஒண்ணும் போடக் கூடாதுக்கா.”

“கொஞ்சம்கூட?”

“தொடவே கூடாது.”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். “அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல பெராக்சைடு குழாயே போகாம கட்டு தம்பி. என்னை நம்பாதே.”

பொத்தல் கையில் இருந்தது, முதலில் சோதனைக்கு வாங்கியதில் மிச்சம் மூட்டையில் கிடந்தது. தொட்டிதான் இல்லை. அமிலத்துக்குத் தாங்கும் எஃகுத் தொட்டி வேண்டும். மேலாளரிடம் போய்க் கேட்டோம். ஆகட்டும் என்றார். அப்படியென்றால் ஆகாது என்று பொருள். மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ ஃபிட்டர்தானே? நல்ல தண்ணித் தொட்டியிலேர்ந்து வெளிக்குழிக்கு ஒரு ஹோஸ் போட்டுவிடு. அதிகாரி வர்ற நேரத்துல தொறந்துவிட்டா எல்லாம் கலந்து அளவு இறங்கிடும். ஊர்ல எவன் செய்யலை?”

“எங்க அண்ணியைக் கேட்காம அந்தக் குழிப்பக்கம் நான் போக மாட்டேன் சார்.”

“உனக்குச் சம்பளம் உங்க அண்ணியா கொடுக்கிறா?”

வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றே என் சீட்டு கிழிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, “போட்டுத் தொலையேன். ஒரே ஒரு தடவைதானே” என்றான். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரு தடவை போட்டா என்ன ஆகும் தெரியுமா? தண்ணி தேறிடும். அதிகாரி எங்க அக்காவைத் திரும்பிப் பார்த்து, ‘ஏம்மா, சுத்தமாத்தானே இருக்கு, எதுக்குப் பொய்ப் புகார் கொடுத்தே’ன்னு கேட்பாரு. அவ பதில் சொல்ல முடியாம நிப்பா. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கணும். அவ கிணத்தைக் கெடுத்தது போதாதுன்னு அவளைப் பொய்க்காரியும் ஆக்கணுமா?”

“பூட்டிட்டா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?”

“பூட்ட மாட்டாங்க. நிஜமாவே சுத்தம் பண்ணிட்டா எதுக்குப் பூட்டுவாங்க? எனக்கு ஒரு தொட்டி வேணும். அவ்வளவுதான். அதைக் கொடுக்க இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை.”

ராத்திரி அண்ணன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான். ‘உப்பு கம்மி’ என்றுகூடச் சொல்லவில்லை. நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நான் பட்டறையைத் திறக்கும்போது, அண்ணன் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியில் அவனுடைய சின்னத் தொட்டி. புது நிறம் கலந்து பார்ப்பதற்காக அவன் மட்டும் பயன்படுத்தும் எஃகுத் தொட்டி அது. வேறு யாராவது அதில் கை கழுவினால்கூட அடிக்க வருவான். தினமும் வேலை முடிந்ததும் அவனே தேய்த்துத் துடைத்து வைப்பான். எங்கள் அம்மா போட்டோவைக்கூட அவ்வளவு துடைத்ததில்லை.

“இது போதுமான்னு உங்க அண்ணியைக் கேளு” என்றான்.

“நீயே கேளேன்.”

“டேய், சொன்னதைச் செய். ஓட்டை போடுறதா இருந்தா அடியில மட்டும் போடு. நான் போனதுக்கு அப்புறம் போடு.”

அவன் போகும் வரை காத்திருந்து துளையிட்டேன். அண்ணி வந்து பார்த்தார். தொட்டியின் விளிம்பைத் தடவினார். பிறகு நேராகச் சாயக்கூடத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் அண்ணன் முதல்முறையாகப் பின்பக்கம் வந்து, முதல் தொட்டியிலிருந்து கடைசிக் குழி வரை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனான்.

புதுத் தொட்டிக்கு ‘வெறுங்கைத் தொட்டி’ என்று பெயர் வைத்தது ஆய்வகப் பெண். அந்த வாரம் முழுக்க அண்ணி பட்ட அவஸ்தை சொல்லி மாளாது. எதையாவது செய்துகொண்டே இருக்கும் கை சும்மா இருக்க வேண்டும். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். முதலில் தாள் வெளிர்நீலம் காட்டியது. பெராக்சைடு இன்னும் மிச்சம். அண்ணி முதல் பம்பின் திருகைத் தன் கையாலேயே கொஞ்சம் குறைத்தார். அதற்கே அவருக்கு வியர்த்துவிட்டது. தண்ணீரின் வேகத்தையும் குறைத்துப் பார்த்தோம். ஆய்வுக்கு முந்தின நாள், நனைத்த தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி நனைத்தோம். வெள்ளைதான். நிறமும் இல்லை.

ஆனால் ‘ஆகட்டும்’ சும்மா இருப்பாரா? ஆய்வு நாள் காலையில் நாங்கள் போய்ப் பார்த்தால், தோட்டக்காரரை விட்டு ஹோஸைப் போட்டு வைத்திருக்கிறார். வால் மட்டும் குழிக்குள் தெரியாமல் தொங்குகிறது. எனக்குக் கண் சிவந்துவிட்டது. அண்ணி ஹோஸை இழுத்து வெளியே போட்டார். வாசல் பக்கம் கொண்டுபோய் வால்வை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

அதிகாரியின் வண்டி உள்ளே வந்தபோதும் ஊற்றிக்கொண்டிருந்தார். ‘ஆகட்டும்’ ஓடி வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“செடியெல்லாம் வாடுதுன்னு போன வாரம் சொன்னீங்களே சார்” என்றார் அண்ணி.

வண்டியிலிருந்து அக்காவும் இறங்கினார். கையில் வாளி, ஒரு துண்டு வெள்ளைத் துணி. யாரையும் பார்க்கவில்லை. நேராக வெளிக்குழிக்குப் போனார். அதிகாரி சீசாவில் பிடித்தார், அக்கா வாளியில் பிடித்தார். துணியை முக்கிப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சோதனைக்கு நேரமாகும். ஆய்வகத்துக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான். அதன் ஒரு கோடியில் அக்கா உட்கார்ந்தார். மறுகோடியில் அண்ணி. நடுவில் அந்த வாளி. நான் எதிரே ஒரு குழாயைச் சரி பார்ப்பதுபோல் நின்றேன். கெட்டுப் போகாத குழாயை எவ்வளவு நேரம்தான் சரி பார்ப்பது? உள்ளே மருந்து கொதித்துக்கொண்டிருந்தது. ஆலையில் அரவம் இல்லை; அண்ணனும் மற்றவர்களும் சாயக்கூட வாசலில் வந்து நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் அவரவர் வீடு கண்ணுக்கு முன்னால் நின்றது.

வெகுநேரம் கழித்து அக்கா பேசினார். வாளியைப் பார்த்துத்தான் பேசினார்.

“கை ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?”

“மருந்து பட்டது.”

“கையுறை எதுக்குக் கொடுக்கிறாங்க? அழகு பார்க்கவா?”

“போட்டுக்கிறேன்.”

“கிழிச்சே. சின்ன வயசுலேர்ந்து இதே பதில்தான்.”

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கதவு திறந்தது. அதிகாரி வெளியே வந்தார். பின்னால் வந்த ஆய்வகப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

“அளவுக்குள்ள இருக்கு. நல்லாவே இருக்கு. பெராக்சைடும் இல்லை” என்றார் அதிகாரி.

சாயக்கூடப் பக்கமிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. ‘ஆகட்டும்’ அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், எல்லாம் தான் செய்ததுபோல. அதிகாரி கையை விடுவித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

“நீங்களே பார்த்தீங்க. திருப்திதானேம்மா? புகாரை முடிச்சிடலாமா?”

“முடியாது” என்றார் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ஆகட்டும்’ வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னிக்குத் தண்ணி சுத்தம். நான் இல்லைன்னு சொல்லலை. என் துணியே சொல்லுது. ஆனா நீங்க வர்றது தெரிஞ்சு வெச்ச தண்ணி இது. நாளைக்கு அவசர ஆர்டர் வரும், இவ லீவு போடுவா, இல்ல இவளை மாத்திடுவாங்க. அப்ப என் கிணத்துக்கு யார் பதில் சொல்றது? கிணறு தெளியுற வரைக்கும் புகார் இருக்கட்டும். வாராவாரம் நானே வாளி எடுத்துக்கிட்டு வருவேன். உள்ள விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் வேறு வழியில்லாமல் ஆகட்டும் என்றார். ஆனால் அக்கா அவரைப் பார்க்கவேயில்லை. பெஞ்சின் மறுகோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, முகத்தைத் திருப்பாமல், நேருக்கு நேர்.

அண்ணி எழுந்தார். பயமில்லை அவர் முகத்தில், கெஞ்சலும் இல்லை.

“வா அக்கா. வாசல்ல நான் சொல்லிவைக்கிறேன். ஆனா வர்ற நாளை மட்டும் எனக்குச் சொல்லாதே.”

“உன்கிட்ட சொல்லிட்டு வருவேன்னு எவ சொன்னா?” என்றார் அக்கா. வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஈரத்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.